வேளாங்கண்ணி என்று சொன்னேன்

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டீர்கள், மதுரையில் என்ன விசேஷம் என்று. மீனாட்சியம்மன் கோயிலுக்கு என்றேன். எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள் என்றீர்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அது பொய். நான் கோயிலுக்குப் போகவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போகிறேன்.

பயப்படாதீர்கள். யாரையும் அடித்துப்போடவில்லை, யார் வீட்டையும் எழுதி வாங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அங்கே போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டால் நாக்குப் பழகும் என்று தோன்றுகிறது. கயத்தாற்றில் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். இப்போது கோவில்பட்டியும் போய்விட்டது. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

பியூலா என்று எனக்கு ஒரு சிநேகிதி. பாளையங்கோட்டையில், பெருமாள்புரத்தில் பக்கத்து வீடு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டில் ஸிஸ்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய அப்பா சி.எஸ்.ஐ. சபையில் உபதேசியாராக ஊர் ஊராகப் போனவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் ஒரு இடத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்துபோய் இருபத்திரண்டு வருஷமாயிற்று. நானும் பூசவில்லை, அவளும் பூசவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்குக் குழம்பு வரும், அவளுக்குப் பேப்பர் போகும்.

அவள் ஒரு நாட்டுக்குப் போனாள். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், மன்னியுங்கள். பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்கள். பெரிய நாடுகள் எல்லாம் கூடி, அந்த நாட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். ராஜாவோடு சண்டை, ஆனால் மருந்து இல்லாமல் போனது குழந்தைகளுக்கு. மருந்தை விடுங்கள், பென்சில் போகக் கூடாதாம். எழுதுகிற பென்சில்தான் அம்மா. அதற்குள் இருக்கிற கரியை எடுத்து ஆயுதத்துக்குச் சேர்த்துவிடுவார்களாம். பியூலா சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு பேப்பரிலும் வந்தது.

பதினோரு பேர் கொண்ட ஒரு சமாதானக் குழு. அதில் ஒரு மௌல்வி, பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கேரளத்துக் கன்னியாஸ்திரீகள் இரண்டு பேர், இப்படி. பெட்டி நிறைய மருந்து கொண்டுபோவது, ஆஸ்பத்திரி வார்டுகளில் தங்கி வேலை செய்வது, பார்த்ததை இங்கே வந்து சொல்வது. அவ்வளவுதான். நம்முடைய அரசாங்கம், இந்த மாதிரி நாடுகளுக்கு அனுமதி இல்லாமல் யாரும் போகக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டிருந்தது. இவர்கள் அனுமதி கேட்கவில்லை. இன்ன தேதிக்கு, இன்ன ஊருக்கு, இன்ன சாமான்களோடு போகிறோம் என்று தகவல் மட்டும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

"ஒனக்கெதுக்குட்டி இந்த வேலை, அறுபத்தாறு வயசுல?" என்று நான் சுவர் ஓட்டை வழியாகக் கேட்டேன்.

"அறுபத்தாறு வயசுலதான் போக முடியும். வேலையில இருந்தப்ப மேட்ரன் லீவு தரமாட்டா."

"போகக் கூடாதுன்னு சொல்லுதாங்கள்லா?"

"பாஸ்போர்ட்டு அவங்க குடுத்தது, சரி. காலு? அது நான் பொறக்கும்போதே கொண்டாந்தது. சண்டைக்குப் போறவனுக்குக் கொடி புடிச்சு வழியனுப்புதாங்க. ரெண்டு பிள்ளைக்கு ஜுரம் பாக்கப் போறவளைப் புடிச்சு நிறுத்துதாங்க. இது எந்த ஊரு நியாயம், நீயே சொல்லு, படிச்சவ."

படிச்சவ என்று அவள் சொல்லும்போது அதில் கேலி பாதி, மரியாதை பாதி. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

அவள் ஒளித்துப் போகவில்லை. அதைத்தான் நான் உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கே சொல்லிவிட்டுப் போனாள். கோயிலில் ஐயர் அறிக்கை வாசித்தார். அவர்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்லுவார்கள். பால் பூத்தில் சொன்னாள், தபால்காரரிடம் சொன்னாள். பென்சில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'பென்சில்' என்று எழுதி ஒட்டினாள். "கேட்டா தெறந்து காட்டுவேன், எடுத்துக்கிட்டா அடுத்த தடவை மறுபடியும் கொண்டுபோவேன். மறைச்சு வச்சா நான் கடத்தல்காரி, எழுதி ஒட்டினா நான் குடிமகள்" என்றாள்.

நானூறு பென்சில். அதில் பாதிக்கு மேல் சீவினது நான். என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மூன்று நாள் சீவினோம். தரையெல்லாம் சுருள் சுருளாக, மரத்தூள் வாசனை. இன்னொன்றும் செய்தேன். "அந்தப் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதிக் குடுட்டி, ஒன் கை நல்ல கை. அங்க உள்ளவங்க மொழிபெயர்த்துக்குவாங்க" என்றாள். எழுதினேன். முதல் வரி எனக்கு நினைவிருக்கிறது: 'இந்தப் பென்சிலால் முதலில் உன் பெயரை எழுது, எல்லாரும் பார்க்கும்படி எழுது.' படித்துவிட்டுப் பியூலா மூக்கை உறிஞ்சினாள். கீழே என் பெயரைப் போடப் போனாள். வேண்டாம் என்றேன். கவிதைக்குப் பெயர் எதற்கு, அது எல்லாருடைய குரலாக இருக்கட்டும் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சாத்தூர் வந்துவிட்டதா? வெள்ளரிக்காய் எனக்கு வேண்டாம் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள். எனக்குத் தொண்டை சரியில்லை.

அவள் புறப்பட்ட அன்று காலையில் கேட்டில் ஒரு அட்டை கட்டினாள். 'பதினெட்டு நாள் ஊரில் இல்லை. இன்ன நாட்டுக்குப் போயிருக்கிறேன். தபால்களைப் பக்கத்து வீட்டுக் கோமதி டீச்சரிடம் கொடுக்கவும்.' "திருடன் வாசிக்கமாட்டானா?" என்று கேட்டேன். "வாசிக்கட்டும். அவனுக்கும் விஷயம் தெரியட்டும்" என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மறுநாள் அந்த அட்டையை நான் அவிழ்த்து எடுத்துவிட்டேன். திருடனுக்குப் பயந்துதான். அப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து என் மகள் பேசினாள். அவளுக்கு ஏழாவது மாதம். பிரசவத்துக்கு நான் போக வேண்டும், மூன்று வாரத்தில் சென்னையில் விசா இன்டர்வியூ. "அம்மா, கொஞ்ச நாளைக்கு எதுலயும் பேரு வராமப் பாத்துக்கோ. இங்க எல்லாத்தையும் நோண்டிப் பாக்காங்க. யாரோட பழக்கம், எங்க கையெழுத்து, எல்லாம்" என்றாள். போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அந்த அட்டையில் அந்த நாட்டின் பெயரும் என் பெயரும் இரண்டு விரல்கடை தூரத்தில் இருந்தன.

அட்டையை அகராதிக்குள் வைத்தேன். பெரிய அகராதி, அதில் எதை வைத்தாலும் தெரியாது.

பன்னிரண்டாவது நாள் ஒருவர் வந்தார். மஃப்டியில்தான் வந்தார். எந்த ஆபீஸ் என்று சொன்னார், நான் சொல்லப்போவதில்லை. ரொம்ப மரியாதையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். சர்க்கரை இல்லாமல் காப்பி கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம், சும்மா ஒரு விசாரணைதான். பக்கத்து வீட்டு அம்மா எங்க போயிருக்காங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி. அலமாரியில் அகராதி.

"வேளாங்கண்ணிக்கு" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கிறிஸ்தவப் பெண்பிள்ளை பெட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் வேறு எங்கே போவாள் என்று எனக்குள் எவளோ ஒருத்தி நினைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் குழம்பு வாங்கித் தின்றவள் நினைக்கிற நினைப்பா அது?

"அப்படித்தான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்களா?"

"அப்படித்தான் சொன்னாள். வேறே எனக்குத் தெரியாது."

அவர் எழுதினார். கையெழுத்துக்கு நீட்டினார். வாசித்துப் பார்த்தேன். வாக்கியம் நொண்டியது. 'சொல்லிட்டு போனதாக சொல்கிறார் என்பதாக' என்று ஏதோ போட்டிருந்தார். என்னால் அதன் கீழ் கையெழுத்துப் போட முடியவில்லை. சிரிக்காதீர்கள். முப்பத்தோரு வருஷப் பழக்கம். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'பியூலா அவர்கள் தாம் வேளாங்கண்ணிக்குச் செல்வதாகவே என்னிடம் கூறிச் சென்றார், வேறெதுவும் நான் அறியேன்.' அவர் வாசித்துவிட்டு, "உங்க தமிழ் பிரமாதம் மேடம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. பொய் சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விசா இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் தெரியுமா? மகள் எந்த ஊரில் இருக்கிறாள், எத்தனை மாதம் தங்குவீர்கள். அவ்வளவுதான். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பியூலா என்று ஒருத்தி இந்த உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பியூலா சொன்னபடி பதினெட்டு நாளில் திரும்பி வந்தாள்; அந்த மனிதர் வந்துபோனதை அவளிடம் சொல்லாமலே நான் புறப்பட்டுவிட்டேன். அமெரிக்காவில் ஐந்து மாதம் இருந்தேன். என் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டது யார் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு கடையில் பென்சில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பெட்டி வாங்கி வந்து பியூலாவுக்குக் கொடுத்தேன். குழந்தை மாதிரி முகர்ந்து பார்த்தாள். "அடுத்த தடவை இதைக் கொண்டுபோறேன்" என்றாள். அப்போது அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. நான் அங்கே இருக்கும்போதே ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்து, அவளும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திருப்பித் தரச் சொல்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. பேறுகாலத்து வீட்டில் எதற்குக் கவலை என்று.

வழக்குக்கு அரசாங்கம் பதில் தாக்கல் செய்தது. ஒரு வெள்ளிக்கிழமை பியூலா அதன் நகலை எடுத்துக்கொண்டு, ஓட்டை வழியாக இல்லாமல், வாசல் வழியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி கோமதி. நான் எப்பட்டி வேளாங்கண்ணிக்குப் போனேன்?"

நான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"எங்க சபை என்னன்னு ஒனக்குத் தெரியாதா? மாதா கோயிலுக்குப் போற சபையாட்டி அது? எங்க அப்பா உபதேசியார்ட்டி. ஒரு சொரூபத்துக்கு முன்னால மெழுகுத்திரி ஏத்தினவர் இல்ல. அவர் மகளைப் போயும் போயும் வேளாங்கண்ணிக்கு அனுப்பிட்டியே. மொட்டையும் அடிச்சு வுட்டிருக்கலாம்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டபோது சிரிப்பு இல்லை.

"நான் மறைச்சுப் போனேன்னு எழுதியிருக்காங்கட்டி. பக்கத்து வீட்டுக்காரிட்டயே உண்மையைச் சொல்லாமப் போனவ, இவளைத் திரும்ப வெளிநாட்டுக்கு விட்டா நாட்டுக்கு ஆபத்துன்னு. போனது தப்புன்னு சொன்னா நான் வாதாடுவேன். போறது என் உரிமைன்னு கடைசி வரைக்கும் நின்னு பேசுவேன். ஒளிஞ்சு போனேன்னா நான் என்ன பேச?"

"எனக்கு விசா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள். "பிள்ளை நல்லா இருக்கா? ராத்திரி தூங்குதா?"

அவ்வளவுதான் அம்மா. திட்டவில்லை. மறுநாள் ஓட்டை வழியாகக் குழம்பு வந்தது. புளிக்குழம்பு. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். அவள் அந்த ஓட்டையைப் பூசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் கெட்டவள் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். எவ்வளவோ பேர் எவ்வளவோ செய்கிறார்கள். இல்லையா?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

போன வாரம் அவளுடைய வக்கீல் என்னைப் பார்க்க வந்தார். மேலப்பாளையத்துக்காரர், நைனா முகம்மது என்று பெயர், சின்ன வயது. பியூலாவுக்குத் தெரியாமல் வந்தார். "டீச்சர், உங்க ஸ்டேட்மென்ட் பொய்ன்னு நான் ரெண்டு நிமிஷத்துல காட்டிருவேன். ஒரு உபதேசியார் மகள் வேளாங்கண்ணிக்குப் போறேன்னு சொல்லவே மாட்டாங்க. நம்ம ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும். ஆனா ஸிஸ்டர் விடமாட்டேங்காங்க. 'கோமதியைப் பொய்க்காரின்னு கோர்ட்டுல சொல்லி எனக்குப் பாஸ்போர்ட்டு வேண்டாம்'ங்காங்க" என்றார்.

"சபையில அறிக்கை வாசிச்சாங்களே, அவங்க சொல்லமாட்டாங்களா?" என்று கேட்டேன். இதைக் கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லுவாங்க. அவங்க எல்லாம் ஒங்க ஆளுகதானேன்னு எதிர்த்தரப்பு சொல்லும். நீங்க வேற ஆளு, பேராசிரியை. உங்க கையெழுத்துல, உங்க தமிழ்ல இருக்கு. அதை நீங்களே வந்து எடுத்தாத்தான் உண்டு." எழுந்து நின்றுகொண்டு, "அடுத்த மாசம் ரெண்டாவது குழு புறப்படுது டீச்சர். செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் வந்தது ஸிஸ்டருக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

இன்று செவ்வாய்க்கிழமை.

இந்தப் பையில் அந்த அட்டை இருக்கிறது. அகராதியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். கட்டின சணல்கூட அப்படியே இருக்கிறது. பிரமாண வாக்குமூலமும் டைப் அடித்து வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய், பயந்து சொன்னேன், அவர் எங்கே போகிறார் என்பது எனக்கும் தெருவுக்கும் தெரியும் என்று மூன்று வரி. வக்கீல் முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பியூலா முந்தின பஸ்ஸில் போய்விட்டாள். நான் வருவது அவளுக்குத் தெரியாது. வராமலும் இருக்கலாம் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை.

விருதுநகரில் எனக்குப் போன் வந்ததே, நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என் மகள்தான். எனக்குக் கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், நிரந்தரமாக அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி. எங்கம்மா இருக்கே, பின்னால பஸ் சத்தம் கேக்குதேன்னு கேட்டாள். உங்களிடம் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன். நடுவில் போனை எடுத்து என்ன சொன்னேன்? உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 'மதுரைக்கும்மா, மீனாட்சி கோயிலுக்கு.' வாய் தானாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள், இந்த ஊரில் நம்மை மறைத்துக்கொள்ள எங்கே திரும்பினாலும் ஒரு கோயில் கிடைக்கிறது.

கப்பலூர் தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாட்டுத்தாவணி. அங்கே இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும், ஒத்தக்கடை போகிற பஸ், ஹைகோர்ட் அந்த வழியில்தான். எதிர்ப் பக்கம் போகிற பஸ்களில் ஏறினால் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நீங்கள் என்னோடு வர வேண்டாம், உங்களுக்கு உங்கள் வேலை இருக்கும். ஒரே ஒரு உதவி. வண்ணார்பேட்டையில் ஏறினபோது கேட்டீர்களே, அதை இன்னொரு தடவை கேளுங்கள். மதுரையில் என்ன விசேஷம் என்று கேளுங்கள். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.

ஹைகோர்ட்டுக்கு. என் சிநேகிதி பியூலா ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போனாள், பொய் சொன்னவள் நான் என்று சொல்லப் போகிறேன். என் பெயர் கோமதி.

குரல் வரவில்லை, இல்லையா? உங்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை கேளுங்கள் அம்மா.